மதுரவர்ஷினியின் மருமகள்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் போய்ச் சண்முகசுந்தரி வீடு எது என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். லோடு ஆட்டோ வேல்ராஜ் சம்சாரம் என்று கேட்டால் கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். மதுரவர்ஷினி வீடு என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பார்கள். அந்தப் பெயரில் செல்போனில் தொடர்கதை எழுதி ஊர் உலகத்துப் பெண்களை எல்லாம் உருக வைத்துக்கொண்டிருப்பவள் நம்ம சுந்தரிதான் என்பது, கட்டின புருஷன் வேல்ராஜுக்கே தெரியாது. அவன் கருக்கலில் மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை ஏற்றப் போனால் மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற ஆள். பெண்டாட்டி செல்போனை நோண்டிக்கொண்டிருந்தால் கோலம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வான்.

ஒரே மகன் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனபிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. முதலில் வாசிக்கத்தான் ஆரம்பித்தாள். எந்தக் கதையை எடுத்தாலும் நாயகன் கோடீஸ்வரன். கோபக்காரன். நாயகி வேண்டாம் என்பாள், அவன் விடமாட்டான். தூக்கிக்கொண்டு போவான், அடைத்து வைப்பான், கடைசியில் அவளே அவன் மார்பில் சாய்ந்து அழுவாள். அந்த உலகத்தில் இவனுக்கு ஆன்டி ஹீரோ என்று பெயர். இதை நானே எழுதுவேனே என்று சுந்தரிக்குத் தோன்றியது. சோறு கொதிக்கிற நேரத்தில், துணி ஊறுகிற நேரத்தில் பெருவிரலால் தட்டித் தட்டி எழுதினாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்த நாவலுக்கு ‘மூச்சாலே சிறைப்பிடிப்பேன்’ என்று பெயர். நாயகன் யுவதீரன், சினிமா உலகத்தையே ஆட்டிப்படைக்கும் நடிகன். நாயகி மிதுர்ணா, புகழின் உச்சியில் இருக்கும் பாடகி. இப்படி ஒரு பெயரைச் சங்கரன்கோவிலில் ஒரு பிள்ளைக்கு வைத்தால் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கே வாயில் நுழையாது, அதனால்தான் வைத்தாள். பணக்காரர்களைப் பற்றிச் சுந்தரிக்குத் தெரிந்ததெல்லாம் திருநெல்வேலி ஜவுளிக்கடை லிஃப்டும், ஏசி போட்ட ஒரு கல்யாண மண்டபமும்தான். ஆகவே யுவதீரன் பங்களாவில் சமையலறைக்குப் போகக்கூட லிஃப்ட் இருந்தது. அவ்வளவு பெரிய நடிகன் காரைவிட்டு இறங்கினதும் வாசல் குழாயில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவான். “இவ்ளோ பணக்காரன் ஏன் சிஸ் தினமும் கால் கழுவுறான்?” என்று சேலத்திலிருந்து ஒருத்தி கேட்டிருந்தாள். வெளியே போய்விட்டு வந்தவன் கால் கழுவாமல் எப்படி வீட்டுக்குள் வருவான் என்று சுந்தரிக்குப் புரியவே இல்லை.

ஆனாலும் கதை சவசவ என்றுதான் போய்க்கொண்டிருந்தது. வாசிக்கிற கூட்டம் சின்னக் கூட்டம். யுவதீரன் வைரம் கொடுத்தான், தீவு வாங்கிக் கொடுத்தான், ஹெலிகாப்டரில் வந்து பூத் தூவினான். ஒன்றும் எடுபடவில்லை. பைத்தியமாகக் காதலிக்கிறவன் உண்மையில் என்ன பேசுவான், எப்படி நிற்பான் என்பது சுந்தரிக்குத் தெரியவில்லை. வேல்ராஜ் அவளைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்தான், அதுவும் காப்பித் தம்ளரைத்தான் அதிகம் பார்த்தான்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் மகள் தேன்மொழி வந்து அதைச் சொன்னாள்.

அண்ணன் சங்கரபாண்டிக்குப் பனவடலிசத்திரத்தில் மானாவாரி நிலமும் கொஞ்சம் ஆடுகளும் உண்டு. பொம்பளைப் பிள்ளை வெளியூருக்கு வேலைக்குப் போவதா என்று குதித்தவர். தேன்மொழி அழுது பட்டினி கிடந்து, கடைசியில் சுந்தரி போய், “என் வீடு பக்கத்துலதான அண்ணே இருக்கு, நான் பாத்துக்கிடுதேன்” என்று பொறுப்பு ஏற்றுக்கொண்டபிறகுதான் இறங்கி வந்தார். ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. காலையில் பஸ்ஸில் வருவாள், மத்தியானம் வேல்ராஜ் வருவதற்கு முன்னாலேயே அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் பஸ்ஸில் போவாள்.

“அத்தை, ஒருத்தன் பின்னாடியே வாறான்” என்றாள் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

“எவன் ட்டி?”

“மாரிக்கண்ணன்னு பேரு. கரிவலம்வந்தநல்லூர்க்காரன். லேப்புக்கு எதிர்த்தாப்புல செல்போன் கடை வச்சிருக்கான். நான் பஸ்ஸ விட்டு இறங்கும்போது அங்கன நிக்கான். சாயங்காலம் ஏறும்போதும் அங்கன நிக்கான். பாத்துக்கிட்டே இருக்கான் அத்தை.”

“ஒண்ணும் பேசமாட்டானா?”

“நேத்துப் பேசினான். நீ என்னப் பாக்காண்டாம், ஒனக்கும் சேத்து நானே பாத்துக்கிடுதேன்னான்.”

சுந்தரிக்குக் கை ரோமம் குத்திட்டு நின்றது. பயத்தில் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“அவன் அப்பா நம்ம மாமா வண்டியிலதான் தினமும் பிச்சிப்பூ ஏத்திவிடுதாராம்” என்றாள் தேன்மொழி. “மாமா அவருகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அடங்கிருவான். அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது அத்தை. தெரிஞ்சா வேலைய நிறுத்திட்டு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவாங்க. நீங்க மாமாட்ட மட்டும் சொல்லுங்க.”

“நான் சொல்லுதேன் மக்கா. நீ நிம்மதியாச் சாப்பிடு.”

அன்றைக்குச் சாயங்காலமே யுவதீரன் மிதுர்ணாவின் காரை மறித்து, “நீ என்னைப் பார்க்க வேண்டாம். உனக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றான். மறுநாள் காலையில் செல்போனைத் திறந்த சுந்தரிக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. யாரோ நெல்லுமூட்டையை அவிழ்த்துக் கொட்டினதுபோல் பாராட்டு. “செத்துட்டேன் சிஸ்!” “இப்படி ஒருத்தன் எனக்கு இல்லையே!” “அடுத்த யூடி எப்போ?” அடுத்த பகுதிக்கு அங்கே யூடி என்று பெயர். சுந்தரி அடுப்படியில் நின்று, ஒரு கையில் கரண்டியோடு, அத்தனையையும் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவள் வாழ்க்கையில் அவளை இத்தனை பேர் ஒன்றாகப் பாராட்டினது கிடையாது.

வேல்ராஜ் வந்தான், சாப்பிட்டான். சொல்லத்தான் நினைத்தாள். அவன் போய் ஒரு வார்த்தை சொன்னால் மாரிக்கண்ணன் அடங்கிவிடுவான். அடங்கிவிட்டால் யுவதீரன் என்ன பேசுவான்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ரசத்தை ஊற்றினாள்.

சுந்தரி கெட்டவள் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க ஈரத்துணி போடுகிறவள். அதனால்தான் எரிச்சலாக வருகிறது. தினமும் மத்தியானம் அந்தப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, கூட ஒரு அப்பளம் வைத்து, “இன்னைக்கு என்ன செஞ்சான்? எந்தக் கலர் சட்டை? சிரிச்சானா, முறைச்சானா?” என்று கேட்டாள். அத்தைக்குத்தான் தன்மேல் எவ்வளவு அக்கறை என்று தேன்மொழியும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“மாமாட்ட சொல்லிட்டீங்களா அத்தை?”

“மாமா பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாங்க. சட்டுனு கேட்டா விபரீதமாயிரும், பக்குவமாத்தான் பேசணும்னாங்க.”

பொய் அவ்வளவு சுளுவாக வாயில் வந்தது. ஆறு மாதமாகப் பொய்யையே எழுதிப் பழகின கை. வாய்க்கு அதிலென்ன கஷ்டம்.

ஒருநாள் தேன்மொழி சாப்பிடவே இல்லை. “காலையில அவன் லேப்புக்குள்ளயே வந்து உக்காந்துட்டான் அத்தை. ரத்தம் எடுக்கணும்னு. எனக்குக் கை நடுங்கிப்போச்சு. அவனுக்கு முன்னாடி இருந்த ஒரு பெரியவருக்கு ரெண்டு தடவை குத்திட்டேன். அவரு பாவம், பரவால்ல தாயின்னாரு. எனக்கு அழுகையா வந்திருச்சு.” சொல்லும்போதே விரல்கள் நடுங்கின. சுந்தரி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே நடுக்கம் எப்படி இருக்கிறது என்று கவனித்தாள்.

அந்த வாரம் மிதுர்ணா பத்தாயிரம் பேர் கூடிய மேடையில் பாட நின்றபோது, முதல் வரிசையில் யுவதீரன் வந்து உட்கார்ந்தான். மைக்கைப் பிடித்த அவள் கை நடுங்கியது. ‘அந்த நடுக்கத்துக்குப் பயம் என்று பெயர் வைத்தாள் மிதுர்ணா. காதல் என்று சிரித்தது அவள் இதயம்’ என்று எழுதி அனுப்பினாள் சுந்தரி. அதற்கு வந்த பாராட்டு முன்னால் வந்த எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது.

ஆடி பிறந்தது. ஆடித்தபசுக்குக் கொடி ஏறினால் சங்கரன்கோவிலில் பெண்கள் கோயிலுக்குள் சுற்றுச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். சுவாமியைப் பார்க்கவேண்டும் என்று அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள் அல்லவா, அவளோடு சேர்ந்து நாமும் கால் நோகவேண்டும் என்று கணக்கு. தேன்மொழியும் நேர்ந்துகொண்டிருந்தாள். மாரிக்கண்ணன் தொல்லை தீரவேண்டும் என்றுதான் நேர்ச்சை. வேலை முடிந்து அத்தையும் மருமகளும் சேர்ந்து சுற்றினார்கள்.

மூன்றாம் நாள் அவனும் வந்துவிட்டான். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, தேன்மொழிக்கு நேர் பின்னால். அவள் வேகமாகப் போனால் அவனும் வேகம். அவள் நின்றால் அவன் தூணைத் தொட்டுக் கும்பிட்டான். யார் என்ன கேட்க முடியும்? கோயில் சுற்று எல்லோருக்கும் பொது. தேன்மொழி அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சுந்தரி முதல் தடவையாக அவனை நேரில் பார்க்கிறாள். ஒல்லியாக, வேர்த்து விறுவிறுத்துப்போன சாதாரணப் பையன். கண் மட்டும் தேன்மொழியின் பின்கழுத்தை விட்டு நகரவில்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால் சுற்றுகிற பெண்கள் அத்தனை பேரும் திரும்பியிருப்பார்கள். சுந்தரி சத்தம் போடவில்லை.

அம்மன் சந்நிதிக்கு எதிரே கூட்டம் நெருக்கியது. ஒரு நொடிதான். அவன் முன்னால் வந்து, அர்ச்சகர் நீட்டின தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்துத் தேன்மொழி நெற்றியில் வைத்துவிட்டான். யாரோ ஓவென்றார்கள், யாரோ சிரித்தார்கள், யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்த நொடியில் சுந்தரிக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை அவள் செத்தாலும் மறக்கமாட்டாள். நாம் யோசித்து வைத்திருந்ததைவிட இது நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது.

அதற்குப் பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். வெளிறிப்போய், உதடு கோணி, அழிப்பதற்காகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள் தேன்மொழி. சுந்தரி பதறி அந்தக் கையைப் பிடித்தாள். “அம்மன் குங்குமம் ட்டி! சந்நிதியில வச்சு அழிக்கக் கூடாது!” சின்ன வயதிலிருந்து ஊறின பழக்கம், யோசிக்காமல் வந்துவிட்டது. பிள்ளை கையை இறக்கினாள். நெற்றியில் அவன் வைத்த பொட்டோடு பஸ் ஏறி ஊருக்குப் போனாள்.

பஸ்ஸுக்கு முன்னால் வீடியோ போய்விட்டது. மறுநாள் தேன்மொழி வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் அண்ணன் போன் செய்தார். வேல்ராஜ் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, பையன் வீட்டிலிருந்து பேச வருகிறார்கள் என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

அண்ணன் வீட்டுக்கு வந்தவர் மாரிக்கண்ணனின் தாய்மாமன் இசக்கித்துரை. வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு. தாம்பாளத்தில் பழமும் பூவும் கொண்டுவந்திருந்தார்.

“அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு” என்றார் சங்கரபாண்டியிடம். “நம்ம பையன் செஞ்சது தப்புதான், இல்லங்கல. ஆனா ரெண்டு பேருக்கும் பழக்கம் இல்லாமலா இவ்வளவு தூரம் வரும்? அம்மன் சந்நிதியில பொட்டு வச்சிருக்கான். பிள்ளை அழிக்கவே இல்லையே, வீடியோவுல ஊரே பாத்துச்சு. இஷ்டம் இல்லாத பிள்ளைன்னா அழிச்சிருக்கும்லா? நாமளே முன்ன நின்னு முடிச்சு வச்சிட்டா ரெண்டு குடும்பத்துக்கும் மரியாதை.”

“எனக்கு அவன வேண்டாம்பா” என்றாள் உள்ளிருந்து தேன்மொழி. “நான் அவங்கூடப் பேசினதே கிடையாது. பயந்து பயந்து செத்தேன்.”

சங்கரபாண்டி மகளைத் திரும்பிப் பார்த்தார். “பயந்தவ ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல? இத்தனை மாசமா அவன் பின்னாடி வந்திருக்கான். புடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்ட? யாருகிட்டயாவது சொன்னியா? சொல்லு.”

தேன்மொழி நிலைப்படிக்கு வந்தாள். அத்தையைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

சுந்தரி தாம்பாளத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வரும். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கதைக்காக என்று சொல்லவேண்டும். புருஷன் முன்னால், அண்ணன் முன்னால், தாம்பாளம் கொண்டுவந்த அந்நிய மனிதர் முன்னால். வாயை மூடிக்கொண்டால் ஒன்றுமே இல்லை. நல்ல அத்தையாகக் கல்யாணத்துக்கு முன்வரிசையில் நிற்கலாம். யுவதீரனும் மிதுர்ணாவும் சேரவேண்டும் என்றுதானே அத்தனை பேரும் கேட்கிறார்கள். அவளும் அப்படித்தானே முடிப்பதாக இருந்தாள். அதை நினைத்ததும் எழுந்து நின்றாள்.

“எங்கிட்ட சொன்னா” என்றாள்.

“என்ன?” என்றார் அண்ணன்.

“எங்கிட்ட சொன்னா அண்ணே. சித்திரையிலயே சொன்னா. அவனுக்குப் பயந்து கை நடுங்கிச் சொன்னா. இவங்ககிட்டச் சொல்லி அவன் அப்பாவக் கண்டிக்கச் சொல்லுன்னா. நான் சொல்லல. சொல்லிட்டேன்னு அவகிட்டப் பொய் சொன்னேன்.” நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தெரிந்து பேசிக்கொண்டே போனாள். “கோயில்ல அவ அழிக்கத்தான் போனா. அம்மன் குங்குமம்னு நான்தான் கையப் பிடிச்சேன். வீடியோவுல என் கை தெரியல. அவளுக்கு அவன்மேல ஒரு மண்ணும் கிடையாது. எல்லாம் என்னால.”

வேல்ராஜ் எழுந்துவிட்டான். “அவங்க அப்பா தினமும் நம்ம வண்டியிலதான ட்டி பூ ஏத்துதாரு! ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?”

“நான் போன்ல கதை எழுதுதேன்” என்றாள் சுந்தரி. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. “பெரிய பணக்காரன் ஒருத்தன் ஒரு பிள்ளைய விடாமத் துரத்துத கதை. மாரிக்கண்ணன் இவகிட்டப் பேசுததையெல்லாம் அதுல எழுதினேன். நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. இவன் நிறுத்திட்டா கதை நின்னுபோகும்னு...”

சங்கரபாண்டிக்கு முதலில் விளங்கவே இல்லை. “கதையா?” என்று மூன்று தடவை கேட்டார். விளங்கினபோது அடிக்கக்கூட இல்லை. தங்கச்சியை இதுவரை பார்க்காதவரைப்போலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடித்திருக்கலாம் என்று சுந்தரி இன்றைக்கும் நினைக்கிறாள்.

இசக்கித்துரை எழுந்தார். பழத்தட்டை எடுத்துக்கொண்டார். “பிள்ளை பயந்துதான் இருந்துச்சுன்னா, இதுல பேச ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எங்க பையன நாங்க பாத்துக்கிடுதோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகும் சங்கரபாண்டி விடவில்லை. வேல்ராஜையும் மகளையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மாரிக்கண்ணன் கடையைக் காலி செய்துவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்குப் புறப்படும்போது சுந்தரி உள்ளே போய்த் தேன்மொழி கையைப் பிடித்தாள். “ஏட்டி, அத்தைய மன்னிச்சிரு.”

“எனக்கு முன்னமே தெரியும் அத்தை” என்றாள் அவள். “லேப்புல எங்கூட வேலை பாக்குத இசக்கிசெல்வி அந்தக் கதைதான் வாசிப்பா. ஒருநாள் சத்தமா வாசிச்சுக் காமிச்சா. கை நடுங்குத இடம். எனக்குக் கை நடுங்கினத நான் ஒங்களத் தவிர யாருகிட்டயும் சொல்லல.”

“பின்ன ஏன் ட்டி எங்கிட்டக் கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.” கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “அதக் காதல்னு எழுதிட்டீங்களே அத்தை.”

சுந்தரி நாவலை அழித்துவிட்டாள். பாதியில் நிறுத்தினதற்கு வந்த திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. சேலத்துக்காரி மட்டும் இன்னும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள், “சிஸ், அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தாங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.” பதில் எழுத உட்கார்ந்தால் விரல் ஓடமாட்டேன் என்கிறது. வேல்ராஜ் வீட்டில் பேசுகிறான், சாப்பிடுகிறான், ஆனால் அவள் செல்போனை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

தேன்மொழி வேலைக்குத் திரும்பிவிட்டாள். அப்பாவிடம் அவளே பேசி அனுமதி வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை அத்தையின் பொறுப்பு தேவைப்படவில்லை. சாப்பாடு கையோடு கொண்டுவருகிறாள். மத்தியானம் சுந்தரி பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறாள்.

ஐப்பசியில் சுந்தரிக்குத் தலை சுற்றியது. டாக்டர் சுகர் பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார். ஊரில் லேப்புக்கா பஞ்சம்? வேறு எங்காவது போயிருக்கலாம். கால் அங்கேதான் போனது. எதிரே செல்போன் கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. உள்ளே தேன்மொழி கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள். அத்தையைப் பார்த்துத் தலையாட்டினாள், சீட்டை வாங்கினாள், கையை நீட்டச் சொன்னாள்.

சுந்தரியின் கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

“ஆட்டாதீங்க அத்தை” என்றாள் தேன்மொழி. ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்தாள். அவள் விரலில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அத்தை என்று கூப்பிட்டுவிட்டாள். சுந்தரிக்குக் கண் கலங்கி, பிள்ளையின் முகத்தையும், அந்த நிதானமான கையையும், அதன்மேல் விழுந்த ஜன்னல் வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேன்மொழி ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். நிமிர்ந்து அத்தையின் கண்ணைப் பார்த்தாள்.

“இதையும் எழுதிராதீங்க” என்றாள்.

அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். சுந்தரி பஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவருக்கு இடம் விட்டாள்.